ஏறக்குறைய ஒரே அளவு: மால்டா ஒரு நாடு, பினாங்கு ஒரு மாநிலம். ஏன்?

மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டாவின் மொத்தப் பரப்பளவு 316 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவின் பரப்பளவு சுமார் 295 சதுர கிலோமீட்டர். ஆள்கணக்கு எடுத்தால் நம்ம தீவுதான் பெரிசு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவில் மட்டும் ஏறக்குறைய 8 லட்சம் பேர் வசிக்கிறார்கள். மால்டாவில் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் பேர்.

ஆனால் மால்டா ஒரு சுதந்திர நாடு. அதற்கு ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் ஓர் இருக்கை உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வாக்கு உண்டு. பினாங்கு, மலேசியாவின் 13 மாநிலங்களில் ஒன்று.

இரண்டையும் ஆண்டது பிரிட்டன். இரண்டும் துறைமுகத்தை நம்பி வளர்ந்தவை. அப்புறம் எங்கே பாதை பிரிந்தது?

"பினாங்கு ஒருகாலத்தில் தனி நாடாகப் போகப் பார்த்துச்சாமே" என்று பேச்சோடு பேச்சாக யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால், இன்றைய தண்ணீர்ப் பிரச்சினை முதல் எல்ஆர்டி ரயில் வரை பல விஷயங்கள் புரியும்.

ஒரே பார்வையில்

மால்டா
- மால்டா, கோசோ, கொமினோ ஆகியவை முக்கியத் தீவுகள்
- தலைநகர்: வலெட்டா
- சுதந்திரம்: 21 செப்டம்பர் 1964, குடியரசு: 13 டிசம்பர் 1974
- ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது: 2004; யூரோ நாணயம்: 2008
- அதிகாரத்துவ மொழிகள்: மால்டிய மொழி, ஆங்கிலம்
- வலெட்டா யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது: 1980

பினாங்கு
- தீவும், எதிரே பெருநிலத்தில் உள்ள செபராங் பிறையும் சேர்ந்தது மாநிலம்
- மாநிலத்தின் மொத்தப் பரப்பளவு: சுமார் 1,049 சதுர கிலோமீட்டர்
- மாநில மக்கள்தொகை (2020): சுமார் 17 லட்சத்து 40 ஆயிரம்
- தலைநகர்: ஜார்ஜ்டவுன்
- மலாயாக் கூட்டரசின் பகுதியானது: 1948, சுதந்திரம்: 31 ஆகஸ்ட் 1957
- ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது: 2008, மலாக்காவுடன் சேர்த்து

மால்டா எங்கே இருக்கிறது, எப்படிப்பட்ட இடம்?

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மால்டா. அதற்கும் தெற்கே போனால் லிபியா. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில், மத்தியதரைக் கடலின் மையத்தில் நிற்கிறது. அந்தக் கடலில் யார் பெரியவராக இருந்தாலும் மால்டாவை விட்டுவைத்ததில்லை.

பினீசியர், ரோமானியர், அரபியர், நார்மன்கள் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. 1530 முதல் 1798 வரை புனித ஜானின் வீரர்கள் என்ற கத்தோலிக்க அமைப்பு ஆண்டது. 1565இல் ஒட்டோமான் படையின் பெரிய முற்றுகையைச் சமாளித்த பிறகு அவர்கள் கட்டிய கோட்டை நகரம்தான் வலெட்டா.

இத்தனை பேர் வந்துபோனதன் தடயம் மொழியில் இருக்கிறது. மால்டிய மொழியின் வேர் அரபு. ஆனால் எழுதுவது ரோமன் எழுத்தில். சொற்களில் பெரும்பங்கு சிசிலி, இத்தாலி பக்கத்திலிருந்து வந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரத்துவ மொழிகளில் அரபு, ஹீப்ரு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இது ஒன்றுதான். ஐந்து லட்சம் பேர் பேசும் மொழிக்கு அந்தத் தகுதி கிடைத்ததற்குக் காரணம், அதைப் பேசுபவர்களுக்கு ஒரு நாடு இருப்பது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

மால்டாவில் நிரந்தரமாக ஓடும் ஆறு கிடையாது. உயரமான இடமே சுமார் 253 மீட்டர்தான். நம்ம தீவின் மலைகள் 800 மீட்டரைத் தாண்டும். மழை, காடு, ஓடை எல்லாம் நமக்கு உண்டு. இயற்கை கொடுத்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், தனியாக நிற்க வாய்ப்பு அதிகம் இருந்த தீவு பினாங்குதான் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு.

இரண்டு தீவுகளும் பிரிட்டன் கைக்கு எப்படிப் போயின?

14 ஆண்டு இடைவெளியில்.

1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவை எடுத்துக்கொண்டார். அதுவரை அது கெடா சுல்தானின் நிலம். சயாம் பக்கமிருந்து வரும் ஆபத்துக்குக் கம்பெனி படை உதவி செய்யும் என்பது சுல்தான் அப்துல்லாவின் எதிர்பார்ப்பு. அந்த உதவி வரவில்லை. 1791இல் சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு பிறையில் தாக்கினார். அதன் பிறகு போட்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் கெடாவுக்குக் கொடுப்பது என்று முடிவானது. 1800இல் இன்றைய செபராங் பிறைப் பகுதியும் சேர்ந்தபோது தொகை 10,000 ஆனது.

மால்டாவில் கதை கொஞ்சம் மாறும். 1798இல் நெப்போலியன் தீவைப் பிடித்தார். சில மாதங்களிலேயே மக்கள் பிரெஞ்சுப் படைக்கு எதிராக எழுந்தார்கள், பிரிட்டனிடம் உதவி கேட்டார்கள். 1800இல் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. உதவிக்கு வந்த பிரிட்டன் அங்கேயே தங்கிவிட்டது. 1814 பாரிஸ் ஒப்பந்தம் அதை உறுதிசெய்தது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, லண்டனிலிருந்து கிழக்கே வரும் கப்பல் பாதையில் இரண்டு தீவுகளும் வந்தன. ஆனால் வேலை ஒன்றல்ல. மால்டா, பிரிட்டிஷ் கடற்படையின் தளம். பினாங்கு, தீர்வையற்ற துறைமுகம். அங்கே மக்கள் கப்பல் பட்டறையை நம்பி இருந்தார்கள். இங்கே ஈயம், ரப்பர், மிளகு, அரிசி என்று ஏற்றி இறக்கும் வணிகத்தை நம்பி இருந்தார்கள். இந்த வேறுபாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு இந்தியாவோடு சேர்ந்து ஆளப்பட்டதா?

ஆமாம். 1805இல் கம்பெனி பினாங்கை ஒரு தனி மாகாணமாக உயர்த்தியது. வங்காளம், மதராஸ், பம்பாய்க்கு அடுத்து நான்காவது. 1826இல் மலாக்கா, சிங்கப்பூருடன் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் உருவாயின. முதலில் தலைநகர் பினாங்கு, 1832இலிருந்து சிங்கப்பூர். 1867 ஏப்ரல் 1ஆம் தேதி இவை இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து நேரடி முடியாட்சிக் குடியேற்றமாயின.

தமிழர் வரலாற்றுக்கு இது முக்கியம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா வணிகர்கள், ரப்பர்த் தோட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஜார்ஜ்டவுனில் இருந்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா, 1833இல் எழுந்த குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோவில் ஆகியவை அந்தக் காலத்துச் சாட்சி. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இங்கே சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். பின்னாளில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறிய தொழிலாளர்கள் மலாயாவில் முதலில் பார்த்த கரை பினாங்கு. ஜெரஜாக் தீவின் தனிமைப்படுத்தும் முகாமைத் தாண்டித்தான் பலர் தோட்டங்களுக்குப் போனார்கள்.

போர் இரண்டு தீவுகளையும் எப்படி மாற்றியது?

இரண்டாம் உலகப் போரில் மால்டா மீது ஓயாமல் குண்டு விழுந்தது. ஆனால் பிரிட்டன் அதை விட்டுக்கொடுக்கவில்லை. 1942இல் அரசர் ஆறாம் ஜார்ஜ், தீவு மக்கள் அனைவருக்குமாக ஜார்ஜ் சிலுவை விருதைக் கொடுத்தார். மால்டா கொடியில் இன்றும் அது இருக்கிறது.

பினாங்கில் நடந்தது நேர்மாறு. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனைத் தாக்கின. சில நாளில் ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். மலாய், சீன, இந்திய மக்கள் அப்படியே விடப்பட்டார்கள். டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். 1945 செப்டம்பர் வரை அவர்கள் ஆட்சி.

இவ்வளவு நடந்த பிறகு பினாங்குக்காரர்கள் பிரிட்டனை வெறுத்து ஒதுக்கியிருக்க வேண்டும் என்று தோன்றும், இல்லையா? வணிகர்களில் ஒரு பகுதியினர் எடுத்த முடிவு அப்படி இல்லை.

பினாங்கு உண்மையில் தனி நாடு கேட்டதா?

இல்லை. பிரிந்துபோகக் கேட்டது உண்மை. ஆனால் தனி நாடாக அல்ல.

1946இல் பிரிட்டன் மலாயன் யூனியனை உருவாக்கியது. சிங்கப்பூரைத் தனியாக வைத்துக்கொண்டு, பினாங்கையும் மலாக்காவையும் மலாய் மாநிலங்களுடன் இணைத்தது. 1948இல் அது மலாயாக் கூட்டரசாக மாறியது. 120 ஆண்டு சிங்கப்பூரோடு ஒரே நிர்வாகத்தில் இருந்த பினாங்கு, இப்போது கோலாலம்பூரைப் பார்க்க வேண்டிய நிலை.

வணிகர்களுக்கு இரண்டு பயம். ஒன்று, தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதி போய்விடும். மற்றொன்று, பெருநிலத்தின் நலனுக்குத் தீவின் நலன் பலியாகும். 1948 டிசம்பரில் பினாங்குப் பிரிவினைக் குழு அமைந்தது. பினாங்கு வர்த்தகச் சங்கத்தின் தலைவர் டி. ஏ. மெக்கே தலைமையில், ஐரோப்பிய வணிகர்களும் நீரிணைச் சீனர்களும் அதில் முன்னால் நின்றார்கள். அவர்கள் கேட்டது, பழையபடி முடியாட்சியின் நேரடிக் குடியேற்றமாக இருக்க வேண்டும், சிங்கப்பூருடன் சேர்த்தாலும் சரி என்பதுதான். மலாய் அரசியல் தலைவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

1949இல் பினாங்குக் குடியேற்ற மன்றத்தில் தீர்மானம் வந்தது. அதிகாரத்துவ உறுப்பினர்களின் வாக்கு எதிராக விழ, சிறிய வித்தியாசத்தில் தோற்றது. பிறகு லண்டனுக்கு மனு போனது. 1951இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அதையும் நிராகரித்தது.

சமாதானத்துக்கு இரண்டு விஷயம் கிடைத்தது. தீர்வையற்ற துறைமுகம் தொடரும் என்ற உறுதி ஒன்று. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராட்சிக்குத் தேர்தல் என்பது மற்றொன்று. போருக்குப் பிறகு மலாயாவில் நடந்த முதல் நகராட்சித் தேர்தல் அது. 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகர் ஆனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி, பினாங்கு மலாயாவோடு சேர்ந்து சுதந்திரம் பெற்றது.

மால்டா மட்டும் சுதந்திரம் கேட்டு வாங்கியதா?

இங்கேதான் ஆச்சரியம். மால்டாவின் தலைவர்களும் முதலில் தனி நாடு கேட்கவில்லை. பிரிட்டனோடு ஒன்றாகச் சேரத்தான் பார்த்தார்கள்.

பிரதமர் டோம் மின்டோஃப் முன்வைத்த திட்டப்படி, மால்டா பிரிட்டனின் ஒரு பகுதியாகும், லண்டன் நாடாளுமன்றத்தில் அதற்கு 3 இடம் கிடைக்கும். 1956 பிப்ரவரியில் கருத்தறியும் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 77 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஆனால் தேசியவாதக் கட்சி புறக்கணித்ததால் வாக்களித்தவர்கள் 59 விழுக்காடுதான். லண்டனும் பின்வாங்கத் தொடங்கியது. சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டன் பாதுகாப்புச் செலவைக் குறைக்க முடிவு செய்தது. பட்டறைத் தொழிலாளர்களின் வேலைக்கு உத்தரவாதம் தர அது தயாராக இல்லை. 1958இல் மின்டோஃப் பதவி விலகினார். இணைப்புப் பேச்சு அங்கேயே முடிந்தது.

மிச்சம் இருந்த ஒரே வழி சுதந்திரம். 1964இல் அதற்கான வாக்கெடுப்பில் பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகள்தான் ஆதரவாக விழுந்தன. செப்டம்பர் 21ஆம் தேதி மால்டா சுதந்திர நாடானது. பிரிட்டிஷ் படை முழுமையாக வெளியேறியது 1979 மார்ச் 31ஆம் தேதி.

சேர்த்துப் பாருங்கள். பினாங்கின் வணிகர்கள் பிரிட்டனோடு இருக்க மனு போட்டார்கள். மால்டா பிரிட்டனோடு சேர வாக்களித்தது. இரண்டு பேருக்கும் கேட்டது கிடைக்கவில்லை. மால்டாவைச் சுற்றி அது சேர்ந்துகொள்ளும்படியான கூட்டரசு எதுவும் இல்லை, அதனால் நாடானது. பினாங்குக்கு எதிரே 3 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு கூட்டரசு இருந்தது, அதனால் மாநிலமானது. இதில் தீவின் அளவுக்கு எந்தப் பங்கும் இல்லை.

"அப்போ சிங்கப்பூர்?" என்று கேட்பீர்கள். அதுவும் தனியாகப் போகத் திட்டமிட்டு மலேசியாவில் சேரவில்லை. 1963இல் சேர்ந்தது, 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி பிரிந்தது. அந்தப் பிரிவு இரு அரசாங்கங்களின் உடன்பாட்டில், அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் நடந்தது. ஒரு மாநிலம் தானாக விலகுவதற்கான வழி எதுவும் மலேசிய அரசமைப்புச் சட்டத்தில் எழுதப்படவில்லை.

பினாங்கு வணிகர்களின் பயம் பலித்ததா?

ஒரு பாதி பலித்தது. 1960களில் இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில் துறைமுக வணிகம் அடி வாங்கியது. 1969இல் தீர்வையற்ற துறைமுகத் தகுதி நீக்கப்பட்டது. வேலையில்லாமல் பலர் தீவை விட்டுப் போனார்கள். உள்ளாட்சித் தேர்தலும் 1965இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. இன்றுவரை திரும்பவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ காலத்தில் பினாங்கு தொழிற்சாலைகள் பக்கம் திரும்பியது. 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் ஆலை அங்கேதான், அதே ஆண்டு. கம்பத்திலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1985இல் முதல் பாலம், 2014இல் இரண்டாவது பாலம்.

மால்டாவும் இதே காலத்தில் இதே சிக்கலில்தான் இருந்தது. கடற்படை போன பிறகு பிழைப்புக்கு வழி தேட வேண்டிய நிலை. சுற்றுலா, கப்பல் பதிவு, சரக்குப் பெட்டகத் துறைமுகம், நிதிச் சேவை, கடைசியாக இணையச் சூதாட்ட நிறுவனங்கள் என்று அது போனது.

வித்தியாசம் இதுதான். மால்டா தன் வரியையும் சட்டத்தையும் தானே மாற்றி நிறுவனங்களை அழைத்தது. பினாங்குக்கு அந்த அதிகாரம் இல்லை. நிலம், உள்ளாட்சி போன்றவை மாநிலத்தின் கையில். வருமான வரி, சுங்கம், கல்வி, பாதுகாப்பு எல்லாம் கூட்டரசின் கையில். ஆனால் பின்னால் ஒரு பெரிய நாட்டின் சந்தையும் ஆள்பலமும் இருந்தன.

நாடாக இருப்பதில் மால்டாவுக்கு என்ன லாபம்?

முதல் லாபம், குரல். 1967இல் ஐக்கிய நாட்டு நிறுவனப் பொதுச் சபையில் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ ஒரு யோசனையை வைத்தார். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் தரை, மனிதகுலம் முழுவதற்கும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும் என்றார். சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டான ஒரு குட்டி நாடு தொடங்கிவைத்த அந்தப் பேச்சு, 1982இல் ஐக்கிய நாட்டுக் கடல் சட்ட ஒப்பந்தத்துக்கு இட்டுச்சென்றது. இன்று உலக நாடுகள் கடல் எல்லைச் சண்டையில் நீட்டிக் காட்டுவது அந்த ஒப்பந்தத்தைத்தான்.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் மால்டாவுக்கு 6 இடம். 2022 ஜனவரியில் அந்த நாடாளுமன்றத்தின் தலைவரானவர் ரொபெர்ட்டா மெட்சோலா, மால்டாக்காரர். ஒப்பிட்டுப் பார்க்க, மலேசிய நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் பினாங்கு மாநிலத்துக்கு 13.

நட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. சின்ன நாட்டில் அரசியல், காவல்துறை, வணிகம் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். தட்டிக்கேட்பது கடினம். ஊழலைப் பற்றி எழுதிவந்த செய்தியாளர் டாப்னி கருவானா கலிசியா, 2017 அக்டோபர் 16ஆம் தேதி கார் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அதன் அரசியல் அதிர்வு தணியாமல், 2020 ஜனவரியில் பிரதமர் ஜோசப் மஸ்கட் பதவி விலகினார்.

வருமானத்துக்காக மால்டா தன் குடியுரிமையையே விலைக்கு வைத்தது. பெரிய தொகை முதலீடு செய்தால் கடப்பிதழ் கிடைத்தது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் இது ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

இடநெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2021 கணக்கெடுப்பில் மால்டாவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். அவர்களில் இந்தியர்களும் கணிசமாக இருக்கிறார்கள். மருத்துவமனை, பேருந்து, உணவு விநியோகம் என்று பல வேலைகள் அவர்களை நம்பி ஓடுகின்றன. வாடகை ஏறுவதும் சாலை நெரிசலும் அங்கேயும் அன்றாடப் பேச்சு. ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு தீவு எவ்வளவு தூரம் தன் காலில் நிற்கிறது என்று பார்க்க, குழாயைத் திறந்து பார்த்தால் போதும்.

ஆறில்லாத மால்டா, தன் குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கிறது. மின்சாரச் செலவு அதிகம். ஆனால் அந்தத் தண்ணீருக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

மழை கொட்டும் பினாங்கு, தன் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறது. அந்த ஆறு கெடாவில் பிறந்து, இரு மாநில எல்லையில் ஓடிக் கடலில் சேர்கிறது. தண்ணீர் செபராங் பிறையில் உள்ள சுங்கை டுவா நிலையத்தில் சுத்தமாகி, கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் தீவில் இருந்தாலும் அவை மட்டும் போதாது. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றும் வேலை நடந்தபோது பல லட்சம் பேருக்கு நாள்கணக்கில் நீர் தடைபட்டது. அந்த நாட்களில் வாளியோடு நின்றவர்களுக்கு, தீவு எதை நம்பி இருக்கிறது என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மூடா ஆற்று நீருக்குப் பினாங்கு கட்டணம் செலுத்த வேண்டும் என்று கெடா கேட்டுவருகிறது. எல்லை வழியாக ஓடும் ஆற்றில் எடுக்கும் நீருக்குக் கட்டணம் இல்லை என்பது பினாங்கின் நிலை. 1791இல் தொடங்கிய பழைய கணக்கும் இன்னும் மூடப்படவில்லை. பினாங்குக்காகக் கெடாவுக்குக் கொடுக்கும் ஆண்டுத் தொகையைச் சுதந்திரத்துக்குப் பிறகு கூட்டரசு அரசாங்கம் செலுத்திவருகிறது. நெடுங்காலம் 10,000 ரிங்கிட்டாக இருந்த அது, அண்மை ஆண்டுகளில் 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. இந்தத் தொகையைச் சுட்டிக்காட்டி, பினாங்கு இன்னும் குத்தகை நிலம்தான் என்று கெடாத் தலைவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அரசமைப்புச் சட்டம் பினாங்கை ஒரு முழு மாநிலமாகவே பட்டியலிடுகிறது.

பழைய தனி வரலாற்றில் என்ன மிச்சம் இருக்கிறது?

பினாங்குக்குச் சுல்தான் இல்லை. மாமன்னர் நியமிக்கும் ஆளுநர்தான் மாநிலத்தின் தலைவர். மலாக்கா, சபா, சரவாக்கிலும் இப்படித்தான்.

தமிழர்களுக்கு நெருக்கமான மிச்சம் ஒன்றும் உண்டு. பினாங்கு இந்து அறப்பணி வாரியம், நீரிணைக் குடியேற்றக் காலத்தில் 1906இல் வந்த சட்டத்தால் உருவானது. தைப்பூசத்தில் நீங்கள் படியேறும் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவில் அதன் நிர்வாகத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தோடு ஒட்டிப் பிறந்த வாரியம் இன்னொன்று சிங்கப்பூரில் செயல்படுகிறது. ஒரே நிர்வாகத்தில் இருந்த இரண்டு ஊர்களின் உறவு, அரசியல் பிரிந்த பிறகும் கோவில் கணக்கில் தொடர்கிறது.

மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மால்டிய மொழிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் கிடைத்த தகுதியை இதோடு சேர்த்து யோசித்தால் ஒன்று தெரியும். மால்டாவில் மொழியைக் காப்பது நாட்டின் வேலை. இங்கே தமிழைக் காப்பதில் கூட்டரசின் கல்வி அமைச்சு, மாநிலத்தின் மானியம், பள்ளி வாரியம், பெற்றோர் என்று நாலு கை சேர வேண்டியிருக்கிறது. அதில் ஒரு கை தளர்ந்தாலும் பள்ளியில் உடனே தெரியும்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயங்கள்.

ஒன்று, தண்ணீர். மூடா ஆற்றை மட்டும் நம்பாமல், பேராக் ஆற்றிலிருந்து நீர் கொண்டுவரும் யோசனை பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது இன்னொரு மாநிலத்தின் சம்மதத்தையும் கூட்டரசின் பணத்தையும் பொறுத்தது.

இரண்டு, எல்ஆர்டி முத்தியாரா தடம். மாநிலம் தானே கட்ட முடியாத இந்தத் திட்டத்தை 2024இல் கூட்டரசு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கடல் தாண்டிப் பட்டர்வொர்த் வரை ரயில் போக வேண்டும்.

மூன்று, நிலம். தீவின் தெற்கே கடலைத் தூர்த்து சிலிக்கான் தீவு உருவாகிவருகிறது. தொழிற்சாலைக்கு இடம் வேண்டும் என்பது அரசாங்கத்தின் வாதம். மீன்பிடிக்கும் இடம் போகிறது என்பது மீனவர்களின் வாதம். நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்பதால், இந்த முடிவுக்குக் கோலாலம்பூரைக் கைகாட்ட முடியாது. கேள்வி கேட்க வேண்டிய இடம் 40 பேர் கொண்ட பினாங்குச் சட்டமன்றம்.

அடுத்த முறை யாராவது "நாம தனி நாடா இருந்திருந்தா" என்று பேச்செடுத்தால், மால்டாவை உதாரணம் காட்டுங்கள். குரல் கிடைத்திருக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் செலவும், தனக்குத் தானே காவல் இருக்க வேண்டிய சுமையும் கூடவே வந்திருக்கும். மாநிலமாக இருக்கும் பினாங்குக்கு அந்தச் சுமை குறைவு. ஆனால் எந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்து, சரியான கதவைத் தட்ட வேண்டிய வேலை அதன் மக்களுக்கு உண்டு.